வட்டரங்கில் மியூசிக்கல்: டிக்கெட் வாங்குமுன் கேட்கப்படும் கேள்விகள்

மியூசிக்கல் என்றால் பாட்டாலும் நடனத்தாலும் கதை சொல்லும் நாடகம். நாலாபுறமும் ஆட்கள் உட்கார்ந்திருக்க, நடுவில் ஆடிப் பாடும் மேடையைத்தான் இங்கே வட்டரங்கு என்கிறோம். திரை கிடையாது, பக்கத் தட்டி கிடையாது. நடிகருக்கும் முதல் வரிசைக்கும் இடையே பல சமயம் ஒரு கை நீளம்தான். நியூயார்க், சிகாகோ, வாஷிங்டன், மான்செஸ்டர் பக்கம் வசிப்பவர்களும் அங்கே உறவினர் வீட்டுக்குப் போகிறவர்களும் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் கீழே.

வட்டரங்கு என்றால் மேடை வட்டமாகத்தான் இருக்குமா?

பெரும்பாலும் இருக்காது. வாஷிங்டன் அரீனா ஸ்டேஜில் உள்ள ஃபிச்சாண்ட்லர் மேடை செவ்வகம். மான்செஸ்டர் ராயல் எக்ஸ்சேஞ்சில், பழைய பருத்திச் சந்தை மண்டபத்துக்குள் எழுப்பிய ஏழு பக்க எஃகு-கண்ணாடிக் கூடுதான் அரங்கம். நியூயார்க்கின் சர்க்கிள் இன் த ஸ்கொயரில் ஆடுமிடம் நீளவாக்கில் கிடக்கிறது.

பெயரைப் பார்த்து ஏமாறவும் வாய்ப்பு உண்டு. சர்க்கிள் இன் த ஸ்கொயரில் ஒவ்வொரு நாடகத்துக்கும் இருக்கைகளை மாற்றிப் போடுவார்கள். ஒரு நாடகத்துக்கு நாலு பக்கமும் ஆட்கள் இருப்பார்கள், அடுத்ததற்கு மூன்று பக்கம் மட்டும். ஆகவே அரங்கத்தின் பொதுவான வரைபடத்தை நம்பி டிக்கெட் வாங்க வேண்டாம். அந்த நாடகத்துக்கென்று போட்ட இருக்கை வரைபடத்தைத் திறந்து பாருங்கள். நாலு பக்கமும் சீட் இருந்தால்தான் கீழே சொல்வதெல்லாம் முழுமையாகப் பொருந்தும்.

எங்கே போய்ப் பார்க்கலாம்?

நியூயார்க்கில் சர்க்கிள் இன் த ஸ்கொயர். 50ஆம் தெருவில், பிராட்வேக்கும் எட்டாம் அவென்யூவுக்கும் நடுவே, தெருமட்டத்துக்குக் கீழே இருக்கிறது. 1972இல் இங்கே திறந்தார்கள். ‘பிராட்வே’ என்ற பொதுப்பெயரில் வரும் நியூயார்க்கின் 41 பெரிய நாடக அரங்குகளில் இந்த வடிவத்துக்கு வரக்கூடியது இது ஒன்றுதான் என்று சொல்லிவிடலாம்.

சிகாகோவுக்கு வடக்கே லிங்கன்ஷயரில் மேரியட் தியேட்டர் இருக்கிறது. 1975இல் தொடங்கியது, ஏறத்தாழ 880 இருக்கை, ஒரு ஹோட்டல் வளாகத்துக்குள். ஆண்டு முழுக்க மியூசிக்கலே போடும் வட்டரங்கு வேண்டுமென்றால் இதுதான். வாஷிங்டன் ஃபிச்சாண்ட்லர் 1961இல் திறந்தது, இப்போது சுமார் 680 இருக்கை. மெட்ரோவில் பச்சைத் தடத்தில் வாட்டர்ஃபிரன்ட் நிலையத்தில் இறங்கி நடக்கும் தூரம்தான். மாசசூசெட்ஸின் பெவர்லியில் நார்த் ஷோர் மியூசிக் தியேட்டரும் கலிபோர்னியா சாக்ரமென்டோவில் கோடைக்கால மியூசிக் சர்க்கஸும் ஆயிரத்துக்கு மேல் ஆட்கள் கொள்ளும் பெரிய வட்டங்கள். அங்கே நெருக்கம் கொஞ்சம் குறையும்.

இங்கிலாந்தில் ராயல் எக்ஸ்சேஞ்ச் (1976), நியூகாசல்-அண்டர்-லைமில் நியூ விக் (1986), ஸ்கார்பரோவில் ஸ்டீஃபன் ஜோசஃப் தியேட்டர். கடைசியில் சொன்னது சுமார் 400 இருக்கை மட்டுமே உள்ள சின்ன இடம். 1955இல் அதே ஊர் நூலக அறை ஒன்றில் தொடங்கிய முயற்சியின் தொடர்ச்சி அது.

எந்த சீட் வாங்குவது? எல்லாமே நல்ல சீட் என்கிறார்களே?

தூரத்தைப் பொறுத்தவரை உண்மை. ஒரு பக்கம் மட்டும் பார்வையாளருக்குத் திறந்த வழக்கமான மேடைக்குப் படச்சட்ட மேடை என்று பெயர். அப்படிப்பட்ட பெரிய அரங்கில் பால்கனிக் கடைசியில் உட்கார்ந்தால் நடிகர் விரலளவு தெரிவார். சின்ன வட்டரங்கில் கடைசி வரிசையிலிருந்தும் கண் சிமிட்டுவது தெரியும். ஆனால் எல்லா சீட்டும் ஒன்றல்ல.

முதலில் வரிசை. முதல் வரிசையில் முகம், வியர்வை, மூச்சு எல்லாம் கிடைக்கும், நடனத்தின் வடிவம் கிடைக்காது. இருபது பேர் மேடையில் கோலம் போடுவதுபோல் நகரும்போது முன்னால் நிற்பவரின் இடுப்புதான் தெரியும். மூன்றாவது வரிசையிலிருந்து ஆறாவது வரை எங்கள் கணக்கில் நல்ல இடம். இருக்கைகள் செங்குத்தாக ஏறுவதால் முன்னால் இருப்பவர் தலை மறைக்காது. ராயல் எக்ஸ்சேஞ்சில் மேலே இரண்டு அடுக்கு உண்டு. நடனம் அதிகமுள்ள நாடகத்துக்கு அங்கிருந்து குனிந்து பார்ப்பது தனிச் சுகம், ஆனால் தொப்பி போட்டவர் முகம் தெரியாது.

அடுத்தது நீளம். மேடை செவ்வகமாகவோ நீள்வட்டமாகவோ இருந்தால் நீளப் பக்கத்தின் நடுவில் வாங்குங்கள். குறுகிய முனையில் உட்கார்ந்தால் நடிகர்கள் ஒருவர் பின் ஒருவராக அடுக்கி நின்று மறைப்பார்கள்.

மூன்றாவதைப் பலரும் கவனிப்பதில்லை. இருக்கைப் பகுதிகளைப் பிளந்துகொண்டு மேடைக்கு வரும் வழிகளுக்கு வாமிட்டரி என்று பெயர், அரங்கத்தார் வாயில் ‘வாம்’. பழைய ரோம அரங்குகளிலிருந்து வந்த சொல். தனியாகப் பாடும் நடிகரை இயக்குநர் அடிக்கடி இந்த வழியின் வாயில், அதற்கு முதுகு காட்டி நிறுத்துவார். காரணம், அவருக்கு நேர் பின்னால் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. ஆக, வாமின் இரு பக்கமும் ஒட்டி உட்கார்ந்தவர்களுக்குத்தான் முதுகு அதிகம் கிடைக்கும். நடிகர்கள் தோளை உரசிக்கொண்டு ஓடும் சிலிர்ப்பு வேண்டுமென்றால் அங்கே வாங்குங்கள். முகம் வேண்டுமென்றால் ஒரு வாமுக்கு நேர் எதிரே, பகுதியின் நடுவில் வாங்குங்கள்.

இசைக்குழு ஒரு பக்கத்தில் வெளிப்படையாக உட்கார்ந்திருந்தால் அந்தப் பக்கம் தானாகவே ‘பின்புறம்’ ஆகிவிடும். அதற்கு எதிர்ப் பக்கம் கொஞ்சம் லாபம்.

மலிவு டிக்கெட் வாங்கினால் நஷ்டமா?

படச்சட்ட மேடையில் ஓரத்து டிக்கெட் வாங்கினால் பாதி மேடை போய்விடும். இங்கே ஓரம் என்று ஒன்று இல்லாததால் அந்த நஷ்டம் மிகக் குறைவு. நியூயார்க்கில் டைம்ஸ் சதுக்கத்தில், 47ஆம் தெருவில் சிவப்புப் படிகளுக்கு அடியில் இருக்கும் டிகேடிஎஸ் சாவடியில் அன்றைய காட்சிகளுக்குத் தள்ளுபடி டிக்கெட் விற்பார்கள். அங்கே சீட்டை நாம் தேர்ந்தெடுக்க முடியாது. அதே தள்ளுபடியை வேறு அரங்குக்குச் செலவழிப்பதைவிட வட்டரங்குக்குச் செலவழிப்பது புத்திசாலித்தனம். ‘பார்வை மறைப்பு’ என்று குறித்திருந்தால் மட்டும், மறைப்பது கம்பியா, இசைக்குழுவா, கைப்பிடியா என்று டிக்கெட் விற்கும் பாக்ஸ் ஆபீஸில் கேட்டுவிட்டு வாங்குங்கள். கைப்பிடி என்றால் பயமில்லை, சற்று நிமிர்ந்தால் போதும்.

காசு கொடுத்துவிட்டு முதுகைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டுமா?

கொஞ்ச நேரம் பார்க்கத்தான் வேண்டும். எவ்வளவு நேரம் என்பதில்தான் இயக்குநரின் திறமை தெரியும்.

நல்ல இயக்கத்தில் யாரும் ஒரே இடத்தில் வேரூன்றி நிற்பதில்லை. பாட்டின் ஒரு சரணத்துக்கு ஒரு திசை, பல்லவிக்குத் திரும்பும்போது இன்னொரு திசை. நடை குறுக்குக் கோட்டில், மூலைக்கு மூலை போகும். குறுக்கே நடப்பவரை எல்லாப் பக்கமும் ஏதோ ஒரு கணம் முகம் பார்க்கும். இருவர் பேசும் காட்சியில் அவர்களைத் தள்ளி நிறுத்துவார்கள். மிக நெருங்கி நின்றால் ஒருவர் முகத்தை மற்றவர் தலை மறைத்துவிடும். தள்ளி நின்றால் ஒருவர் முதுகு உங்களுக்குத் தெரியும்போது எதிராளியின் முகம் முழுசாகக் கிடைக்கும். கேட்பவரின் முகம் பல சமயம் பாடுபவரின் முகத்தைவிட அதிகம் சொல்லும்.

முழுப் பாட்டும் ஒரே பக்கம் பார்த்துப் பாடி முடித்தால் அது இயக்கத்தின் குறை, உங்கள் சீட்டின் குறை அல்ல. படச்சட்ட மேடைக்காகச் செய்ததை அப்படியே தூக்கி நடுவில் வைத்தால் இது நடக்கும். 2015இல் சர்க்கிள் இன் த ஸ்கொயருக்கு வந்த ‘ஃபன் ஹோம்’ இதற்கு நல்ல மறுமொழி. அதற்கு முன் வேறு அரங்கில் ஒரு பக்கம் பார்த்த மேடையில் ஆடிய நாடகம் அது. நாலு பக்கத்துக்காக மறுபடி அமைத்தார்கள். வீட்டுச் சாமான்கள் தரையிலிருந்து எழும்பி மீண்டும் தரைக்குள் இறங்கின. அந்த ஆண்டின் சிறந்த மியூசிக்கலுக்கான, பிராட்வேயின் பெரிய விருதான டோனியும் அதற்கே கிடைத்தது.

நடிகர் திரும்பி நின்றால் பாட்டு வரி கேட்குமா?

மைக் இருந்தால் கேட்கும். இல்லாவிட்டால் உயிரெழுத்து கேட்கும், மெய்யெழுத்து தேய்ந்து போகும். ச, த, ஸ, ஃப போன்ற ஒலிகள் உயர் அதிர்வெண்ணில் இருப்பவை. அவை வாய்க்கு நேர் எதிரே பாயும், தலைக்குப் பின்னால் வளைந்து வராது. தாழ்ந்த ஒலிகள் சுற்றிவரும். அதனால்தான் முதுகு காட்டிப் பாடுபவரின் ராகம் வந்து சேர்ந்தாலும் சொல் வந்து சேர்வதில்லை.

பெரும்பாலான மியூசிக்கல்களில் முடியோரத்திலோ கன்னத்திலோ சின்ன மைக் ஒட்டியிருப்பார்கள். தலை எங்கே திரும்பினாலும் மைக்கும் வாயும் ஒரே தூரத்தில் இருப்பதால் ஒலி மாறாது. அந்த ஒலி மேடைக்கு மேலே தொங்கும் ஸ்பீக்கர்களிலிருந்து நாலு பக்கமும் இறங்கும். வழக்கமாக வரும் சிக்கல்கள் மூன்று.

குரல் வாயிலிருந்து வராமல் கூரையிலிருந்து வருவதாகத் தோன்றும். நாலைந்து நிமிடத்தில் காது பழகிவிடும். முதல் வரிசைக்காரர்களுக்கு மேலே தொங்கும் ஸ்பீக்கரின் வீச்சு சரியாக எட்டாது. அதற்கென்று மேடை விளிம்பில் சிறு ஸ்பீக்கர்கள் வைப்பார்கள், வைக்காத இடத்தில் முதல் வரிசையில் பாட்டைவிடக் காலடிச் சத்தம் ஓங்கிக் கேட்கும். மூன்றாவது, இருவர் கட்டியணைத்துப் பாடும்போது குரல் குழாய்க்குள்ளிருந்து வருவதுபோல் ஆகிவிடும். ஒருவர் குரல் இருவர் மைக்கிலும் சிறு கால இடைவெளியில் விழுவதுதான் காரணம். ஒலிப்பலகையில் இருப்பவர் அந்த நொடியில் ஒரு மைக்கை இறக்கிவிட வேண்டும். அவர் வேலை சரியாக நடந்தால் நீங்கள் கவனிக்கவே மாட்டீர்கள்.

வரிகள் முக்கியம் என்று நினைப்பவர்கள் முன்னதாகவே ஒலிப்பதிவை ஒருமுறை கேட்டுவிட்டுப் போவது நல்லது.

இசைக்குழுவைக் காணோமே, எங்கே உட்கார்ந்திருப்பார்கள்?

மேடைக்கு முன் குழி வெட்ட இங்கே ‘முன்’ என்பதே இல்லை. ஆகவே மேலே ஒரு பரண், இருக்கைகளுக்குப் பின்னால் ஒரு மேடு, சில இடங்களில் வேறு அறை. இசைக்குழு நடத்துநரைக் கேமராவில் பிடித்து, அரங்கின் பல பக்கங்களில் தொங்கும் சின்ன மானிட்டர்களில் காட்டுவார்கள். உங்கள் தலைக்கு மேலே திரும்பிப் பார்த்தால் அவர் கை ஆடுவது தெரியும். நடிகர் உங்கள் தலைக்கு மேலே வெறிக்கிறார் என்று தோன்றினால் அவர் தாளம் பார்க்கிறார் என்று அர்த்தம்.

ஒலி 10 மீட்டர் கடக்கச் சுமார் 29 மில்லிநொடி ஆகும். எதிர்மூலையிலிருந்து வரும் டிரம்ஸை மட்டும் நம்பிப் பாடினால் பாட்டு மெல்ல மெல்லப் பின்தங்கும். அதனால் மேடைக்கென்று தனி ஸ்பீக்கரும் இந்த மானிட்டர்களும் வைக்கிறார்கள். மானிட்டருக்குப் போகும் படத்தில் சிறு தாமதம் இருந்தாலும் கூட்டம் மொத்தமும் தாளம் தப்பும். அதற்காகவே பழைய வகைக் கேமராவைக் கைவிடாமல் வைத்திருக்கும் அரங்குகள் பல.

இங்கிலாந்தின் சின்ன அரங்குகளில் இன்னொரு வழி உண்டு. நடிகர்களே வயலினும் டிரம்பெட்டும் கையில் வைத்துக்கொண்டு நடிப்பார்கள். அது கிடைத்தால் விடாதீர்கள்.

திரையும் பெரிய செட்டும் இல்லாமல் மியூசிக்கல் மொட்டையாக இருக்காதா?

சுவர் எழுப்பினால் ஒரு பக்கத்தாருக்கு மறைத்துவிடும். எனவே இடுப்புக்கு மேல் உயரும் எதுவும் ஊடுருவிப் பார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும், இல்லையென்றால் மேலேயிருந்து இறங்கித் திரும்பப் போய்விட வேண்டும். செலவும் கற்பனையும் தரைக்கும் விளக்குக்கும் உடைக்கும் போகும். 2017இல் சர்க்கிள் இன் த ஸ்கொயரில் ‘ஒன்ஸ் ஆன் திஸ் ஐலேண்ட்’ ஆடியபோது தரை முழுக்க மணல் கொட்டி, ஓரத்தில் தண்ணீர் தேக்கி, உயிருள்ள ஆட்டையும் கொண்டுவந்தார்கள். எந்தத் தட்டியும் தராத தீவு அது.

நேரம் தாண்டிப் போனால் உள்ளே விடுவார்களா?

மற்ற அரங்குகளைவிட இங்கே கண்டிப்பு அதிகம், அதற்குக் காரணமும் உண்டு. நீங்கள் சீட்டுக்குப் போகும் வழியும் நடிகர் மேடைக்கு ஓடும் வழியும் ஒன்றே. ஆறு பேர் இருட்டில் முழு வேகத்தில் வரும் நேரத்தில் நீங்கள் சீட் எண்ணைத் தேடிக்கொண்டு நடுவழியில் நின்றால் இரு தரப்பும் விழுவீர்கள். ஆகவே தாமதமாக வருபவரை உள்ளே அனுப்ப நாடகத்தில் ஓரிரு இடங்களை முன்கூட்டியே குறித்து வைத்திருப்பார்கள். அதுவரை வரவேற்புக் கூடத்துத் திரையில்தான் பார்க்கலாம். உள்ளே விட்டாலும் கிடைக்கும் காலி சீட்டில் அமர்த்துவார்கள், உங்கள் சொந்த சீட் இடைவேளைக்குப் பிறகுதான்.

நடுவில் கழிவறைக்கு எழுந்து போனாலும் இதே கதை. அரை மணி நேரம் முன்னால் போய்விடுங்கள். இடைவேளை வழக்கமாக 15 முதல் 20 நிமிடம். பெண்கள் கழிவறை வரிசைக்கு அது பல சமயம் போதாது, விளக்கு ஏறியதும் கிளம்புவதுதான் நல்லது. இடைவேளையே இல்லாத மியூசிக்கல்களும் உண்டு. மேலே சொன்ன ‘ஃபன் ஹோம்’, ‘ஒன்ஸ் ஆன் திஸ் ஐலேண்ட்’ இரண்டுமே அப்படித்தான், ஒவ்வொன்றும் சுமார் ஒன்றரை மணி நேரம். டிக்கெட் பக்கத்தில் இதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

திடீரென்று மொத்தமும் இருட்டாகிவிட்டால்?

அசையாதீர்கள். திரை இல்லாததால் காட்சி மாற்றத்துக்கு இருட்டுதான் திரை. அந்தச் சில நொடியில் நடிகர்கள் வெளியேறுவார்கள், மேசை போகும், நாற்காலி வரும். தரையில் ஒட்டிய மினுங்கும் பட்டைத் துண்டுகளை எண்ணிக்கொண்டு ஓடுகிறார்கள். நீங்கள் நீட்டிய கால், வழியில் வைத்த பை, தரையில் உருளும் தண்ணீர் பாட்டில் எதுவும் அவர்கள் கணக்கில் கிடையாது. இங்கே நடக்கும் விபத்துகளில் மிகச் சாதாரணமானது இதுதான். பை இருக்கைக்கு அடியில், கால் மடக்கி. முதல் வரிசைக்காரர்கள் மேலங்கியையோ நிகழ்ச்சிக் குறிப்பையோ மேடை விளிம்பில் வைக்கவே கூடாது. காகிதத்தில் வழுக்கினால் கணுக்கால் போகும்.

இருட்டில் தொலைபேசித் திரை எரிந்தால் நாலு பக்கத்துக்கும் தெரியும், நடிகர் கண்ணிலும் அடிக்கும். கைக்கடிகாரத் திரையையும் அணைத்துவிடுங்கள். அதைப் பலர் மறக்கிறார்கள்.

முதல் வரிசையில் உட்கார்ந்தால் மேடைக்கு இழுத்துவிடுவார்களோ என்று பயம்.

சொல்லாமல் இழுக்க மாட்டார்கள். 2005இல் இதே சர்க்கிள் இன் த ஸ்கொயரில், எழுத்துக்கூட்டும் போட்டியைக் கதையாகக் கொண்ட மியூசிக்கலில் ஒவ்வொரு காட்சிக்கும் பார்வையாளர்களில் நான்கு பேரை மேடையேற்றினார்கள். அவர்களைக்கூட நாடகம் தொடங்குமுன் வரவேற்புக் கூடத்தில் பேசிப் பார்த்துத்தான் எடுத்தார்கள். 2019இல் அங்கே ஆடிய ‘ஓக்லஹோமா!’வில் இடைவேளையில் மேடைக்கே வரச்சொல்லி எல்லாருக்கும் மிளகாய்க் குழம்பும் சோள ரொட்டியும் கொடுத்தார்கள். விரும்பியவர் எழுந்து போகலாம், அவ்வளவுதான்.

நடிகர் உங்கள் கண்ணைப் பார்த்துப் பாடுவது வேறு. அது நடக்கும். பதிலுக்குப் பாடவோ கை நீட்டவோ வேண்டியதில்லை, பார்த்துக்கொண்டிருந்தால் போதும். பார்வையைத் தாழ்த்தினால் அவர் பக்கத்து ஆளிடம் போய்விடுவார். வியர்வையும் எச்சில் துளியும் விழலாம், பாடும் வாயிலிருந்து ஒன்றரை மீட்டரில் உட்கார்ந்தால் அது தவிர்க்க முடியாதது. அருவருப்புப் படுபவர்கள் மூன்றாம் வரிசைக்குப் போய்விடுங்கள்.

எதிரே உட்கார்ந்திருப்பவர்களையும் சேர்த்துத்தானே பார்க்க வேண்டும்? கவனம் சிதறாதா?

முதல் பத்து நிமிடம் சிதறும். எதிர் வரிசையில் ஒருவர் கொட்டாவி விடுவார், ஒருவர் பளிச்சென்ற சட்டை போட்டிருப்பார், மேடை விளக்கு அவர் மேல் சிந்தும். பிறகு கண் தானாக மேடைக்குச் சுருங்கிக்கொள்ளும். வெள்ளை, மினுமினுப்பு உடைகளை முதல் இரண்டு வரிசைக்கு அணியாமல் போவது எதிரில் இருப்பவருக்குச் செய்யும் உதவி.

ஆனால் இந்த வடிவத்தின் உயிரே அங்கேதான் இருக்கிறது என்போம். சோகப் பாட்டு ஒன்று முடியும்போது எதிர்ப்புறத்தில் நாற்பது முகம் அழுவது தெரிந்தால் பாட்டின் கனம் இரட்டிப்பாகும். படச்சட்ட மேடையில் பக்கத்து ஆளின் முகம்கூட நமக்குத் தெரியாது. தமிழருக்கு இது புதிதல்ல. மட்டக்களப்பில் வடமோடி, தென்மோடிக் கூத்துகளை வட்டக்களரியில் ஆடினார்கள், இன்றும் ஆடுகிறார்கள். களரியைச் சுற்றி ஊரே உட்கார்ந்திருக்கும், கூத்தை நடத்தும் அண்ணாவியாரும் மத்தளமும் தாளமும் களரியிலேயே நிற்கும், கூத்தர் சுற்றிச் சுற்றி ஆடுவதால் எந்தப் பக்கத்துக்கும் நிரந்தரமாக முதுகு கிடையாது. 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் அந்தக் கூத்தைப் படச்சட்ட மேடைக்குக் கொண்டுவந்தபோது ஆட்டத்தையே ஒரு பக்கம் பார்த்து மாற்றியமைக்க நேர்ந்தது. பிராட்வேயில் ‘ஃபன் ஹோம்’ நாடகத்துக்கு நடந்ததற்கு நேர் எதிர்த் திசைப் பயணம் அது.

எந்த மாதிரி மியூசிக்கல் இங்கே எடுபடும், எது எடுபடாது?

வரிசையாக நின்று முன்னால் பார்த்துக் காலை உயர்த்தும் நடனம் எடுபடாது. ஒரு பக்கத்துக்கு அழகு, எதிர்ப்பக்கத்துக்குப் பின்புறம், மற்ற இரண்டு பக்கத்துக்கும் ஒரே ஆள்தான் தெரிவார். அப்படிப்பட்ட பாட்டைச் சக்கரம்போல், ஆரக்கால்போல் மாற்றி அமைப்பார்கள். நல்ல நடன அமைப்பாளர் கையில் அது மூலத்தைவிட நன்றாக வருவதும் உண்டு. மேலிருந்து ஏதாவது பிரம்மாண்டமாக விழுவதை நம்பியிருக்கும் நாடகமும் வட்டத்தில் சோர்ந்துபோகும்.

குடும்பக் கதை, ஊர்க்கதை, குற்றக்கதை நன்றாக வரும். 1979இல் ‘ஸ்வீனி டாட்’ முதன்முதலில் பெரும் செட்டோடு ஆடியது யூரிஸ் தியேட்டரில். பத்தாண்டு கழித்து, அதே கட்டடத்தின் அடித்தளத்தில் இருக்கும் சர்க்கிள் இன் த ஸ்கொயரில் சின்னதாக, முழு இசைக்குழுவுக்குப் பதில் சிந்தசைசர்களை வைத்து மறுபடி ஆடினார்கள். கத்தி பார்வையாளருக்குப் பக்கத்தில் வந்தபோது அதே கதை வேறுவிதமாக நடுக்கியது. ‘ஓக்லஹோமா!’வும் அப்படி. 2010இல் ஃபிச்சாண்ட்லரில் ஆடியதும் 2019இல் நியூயார்க்கில் ஆடியதும் ஒரே பாடல்கள், மனநிலை வேறு வேறு.

ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவை அழைத்துப் போகலாமா?

தாராளமாக. மூன்று விஷயம் கவனியுங்கள். ஒன்று முழங்கால். இருக்கை வரிசைகள் செங்குத்து, படிகள் சில இடங்களில் உயரம் ஒத்து வராதவை, கைப்பிடி எல்லா வரிசைக்கும் இருக்காது. நுழைவு மட்டம் எந்த வரிசை என்று பாக்ஸ் ஆபீஸில் கேளுங்கள். சில அரங்குகளில் முதல் வரிசைக்கு இறங்க வேண்டும், சிலவற்றில் கடைசி வரிசைக்கு ஏற வேண்டும். சக்கர நாற்காலி இடங்கள் குறைவு, நாடகத்துக்கு நாடகம் மாறும், ஆன்லைனில் வாங்காமல் தொலைபேசியில் வாங்குங்கள்.

இரண்டு, ஆங்கிலம். பிராட்வேயின் பல நாடகங்களுக்குக் காலாப்ரோ என்ற செயலி உண்டு. தொலைபேசியை மங்கலாக்கி வரிகளை ஓடவிடும். வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொண்டு போங்கள். பெரிய திரையில் வரி காட்டும் சிறப்புக் காட்சி என்றால், வட்டரங்கில் அந்தத் திரை எல்லாப் பக்கமும் இருக்காது. திரைக்கு எதிர்ப்பக்க சீட் வேண்டும் என்று சொல்லி வாங்குங்கள். கதையைப் போகும் வழியில் தமிழில் சொல்லிவிடுவது எந்தச் செயலியையும்விடப் பயன்படும்.

மூன்று, குளிர். வெளியே ஜூலை வெயில் அடித்தாலும் உள்ளே சால்வை தேவைப்படும்.

குழந்தைகளை?

நான்கு வயதுக்குக் குறைந்தவர்களைப் பிராட்வே அரங்குகள் பொதுவாக அனுமதிப்பதில்லை. அதற்கு மேல் இருந்தாலும், நடிகர் கைக்கெட்டும் தூரத்தில் கத்தினால் சில பிள்ளைகள் மிரண்டுவிடும். முதல் வரிசையைத் தவிர்த்து, ஓர ஓரமாக இல்லாமல் உள்ளே தள்ளிய சீட்டில் உட்கார வையுங்கள். வழியோரத்தில் இருந்தால் ஓடும் நடிகரைத் தொடக் கை நீட்டும்.

புகை, துப்பாக்கிச் சத்தம், மின்னும் விளக்கு இருக்குமா?

விளக்குக் கதிர் தெரிவதற்காக மெல்லிய புகை விடுவது சாதாரணம். மேடை நடுவில் இருப்பதால் அது எல்லாப் பக்கமும் பரவும், தப்பிக்கும் மூலை கிடையாது. ஆஸ்துமா உள்ளவர்கள் இன்ஹேலரைக் கையில் வைத்துக்கொண்டு, கடைசி வரிசையில், வாசலுக்கு அருகில் வாங்குங்கள். மின்னும் விளக்கும் துப்பாக்கிச் சத்தமும் இருந்தால் வாசலில் அறிவிப்புப் பலகை வைப்பார்கள். எந்தக் காட்சியில் வரும் என்று வாயில் பணியாளரிடம் கேட்டால் சொல்வார்.

படம் எடுக்கலாமா?

நாடகத்தின்போது கூடாது. தொடங்குமுன் காலி மேடையை எடுக்கலாமா என்பது அரங்குக்கு அரங்கு மாறும், அருகில் நிற்கும் பணியாளரைக் கேளுங்கள்.

கடைசியில் எப்போது எழுந்து கைதட்டுவது?

நடிகர்கள் நாலு பக்கமும் திரும்பித் திரும்பி வணங்குவார்கள். உங்கள் பக்கம் வணங்கி முடித்ததும் கைதட்டலை நிறுத்திவிட்டு வெளியே கிளம்பினால், அடுத்த பக்கத்துக்கு வணங்கும் நடிகர் உங்கள் முதுகைப் பார்ப்பார். வழியும் அவர்களுக்கு வேண்டும், அந்த வாம் வழியாகத்தான் வெளியேறுவார்கள். விளக்கு முழுசாக ஏறும்வரை இருக்கையிலேயே நில்லுங்கள். நடிகர்கள் போன பிறகும் இசைக்குழு ஒரு பகுதி வாசித்து முடிக்கும். அதைக் கேட்டுவிட்டுப் போனால் படிக்கட்டில் நெரிசலும் குறைந்திருக்கும்.

இரண்டாம் முறை பார்ப்பதாக இருந்தால் எங்கே உட்காருவது?

முதல்முறை உட்கார்ந்த இடத்துக்கு நேர் எதிரே. முதல்முறை முதுகாகத் தெரிந்ததெல்லாம் இப்போது முகமாகத் தெரியும். முதல்முறை கீழே என்றால் இந்த முறை மேல் வரிசை. பக்கவாட்டில் கால் வட்டம் மட்டும் நகர்ந்தால் பாதி காட்சி மறுபடியும் அதேபோல்தான் இருக்கும். டிக்கெட் விலையில் வித்தியாசம் இல்லையென்றால், முதல் டிக்கெட்டின் பகுதி எண்ணை எழுதி வைத்துக்கொண்டு போய் எதிர்ப்பகுதியைக் கேட்டு வாங்குங்கள்.